கூண்டு தாண்டிய பாம்பு: காத்தலும் கண்டெடுத்தலும்

பாம்பைச் செல்லப் பிராணியாக வளர்க்கும் வழக்கம் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வேரூன்றிப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. நாய்க்கும் பூனைக்கும் வேண்டிய இடமோ நேரமோ இல்லாத அடுக்குமாடிக் குடியிருப்பாளர் பலர், வாரத்துக்கு ஒருமுறையோ இரு வாரங்களுக்கு ஒருமுறையோ இரை கொடுத்தால் போதும் என்ற வசதிக்காகவும், அதன் நிறத்திலும் அசைவிலும் கொண்ட ஈடுபாட்டாலும் நஞ்சற்ற பாம்புகளை வீட்டில் பேணுகிறார்கள். அவற்றுள் இரண்டு இனங்கள் மிகப் பரவலானவை. ஒன்று, அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களைத் தாயகமாகக் கொண்டதும், மெலிந்த உடலோடு சுவரும் மரமும் ஏறுவதில் தேர்ந்ததுமான கார்ன் பாம்பு. மற்றொன்று, மேற்கு ஆப்பிரிக்காவிலும் நடு ஆப்பிரிக்காவிலும் வாழ்வதும், அஞ்சினால் தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு உருண்டையாகச் சுருள்வதுமான பால் பைத்தான் என்னும் சிறு மலைப்பாம்பு. வளர்ந்தபின் இரண்டும் பெரும்பாலும் 3 முதல் 5 அடி நீளம் இருக்கும். வளர்ந்த மனிதருக்கு இவற்றால் ஆபத்து இல்லை எனலாம். ஆனால் கூண்டில் விரற்கடை இடைவெளி கிடைத்தாலும் இரண்டும் நழுவிவிடும்.

இப்படி நழுவும் பாம்பைத் தந்திரசாலி என்று சொல்வது வழக்கம். ஆனால் அதன் வாழ்க்கையை ஆளுபவை சில எளிய தேவைகளே: ஏற்ற வெப்பம், உடலை நெருக்கிப் பிடிக்கும் இருண்ட மறைவிடம், குடிக்க நீர், அவ்வப்போது இரை. தொட்டிக்குள் இவற்றில் ஒன்று குறைந்தால் பாம்பு அதைத் தேடி ஓயாமல் ஊர்கிறது, ஊரும்போது வழி இருந்தால் வெளியேறுகிறது, வெளியேறியபின் எந்தக் குறை அதைத் துரத்தியதோ அந்தக் குறை தீரும் இடத்தில் போய்த் தங்குகிறது. தப்பாமல் காக்கும் முறையும் தப்பியதைக் கண்டுபிடிக்கும் முறையும் இந்த ஒரே அறிவிலிருந்து பிறப்பவை என்பதைப் பாம்பு வளர்ப்போர் உணர்ந்துகொண்டால் பெரும்பாலான இழப்புகளைத் தவிர்க்க முடியும்.

உடல் சொல்லும் பாடம்

பாம்பின் முதுகெலும்பில் இனத்தைப் பொறுத்து ஏறத்தாழ 200 முதல் 400 வரை கண்ணிகள் உண்டு. தோள் எலும்போ மார்பெலும்போ கிடையாது. உடலின் குறுக்கே விரியாத கட்டு எதுவும் இல்லாததால், தலை நுழையும் துளை வழியே உடலும் நுழைந்துவிடும் என்பதே நடைமுறை விதி. அண்மையில் விழுங்கிய இரையும் கருவுற்ற வயிறும் மட்டுமே இதற்கு விலக்கு. முட்டையிலிருந்து வெளிவந்து சில வாரங்களே ஆன கார்ன் பாம்பின் தலை சிறுவிரல் நுனியைவிடச் சிறியதாக இருப்பதால், பெரிய பாம்புக்குப் போதுமான பூட்டும் வலையும் குட்டிக்குப் போதுவதில்லை. மலைப்பாம்பு இனத்தில் சிக்கல் வேறு வகையானது. அது இடுக்கு தேடுவதோடு நிற்காமல், மூடியின் ஒரு மூலையில் முகத்தை வைத்து உடல் முழுவதையும் முட்டுக்கொடுத்து மேல்நோக்கி உந்தும். மூடியின்மேல் புத்தகத்தைப் பாரமாக வைத்துவிட்டு நிம்மதியாக உறங்குவோர் இந்த வலிமையைக் கணக்கில் கொள்வதில்லை.

உயிரியலாளர் தொடுகை நாட்டம் என்று குறிப்பிடும் இயல்பையும் இங்கே கருத வேண்டும். உடலின் பல பக்கங்களையும் ஏதேனும் ஒரு பரப்பு தொட்டுக்கொண்டிருந்தால்தான் பாம்பு பாதுகாப்பை உணர்கிறது; ஆகவே திறந்த வெளியில் நேராகக் கடந்து செல்வதைவிடச் சுவரை ஒட்டியே ஊர்கிறது, அகலமான பெட்டியைவிட உடலளவே உள்ள இடுக்கையே விரும்புகிறது. அதற்கு வெளிச்செவி இல்லை; ஆயினும் தரையின் அதிர்வைத் தாடையெலும்பின் வழியாக உட்செவி உணர்கிறது. அறையில் ஆள் நடமாட்டமும் நாற்காலி இழுக்கும் ஓசையும் மிகும்போது அது வெளியே வராது, மேலும் உள்ளே ஒடுங்கும். பதற்றத்தோடு வீட்டையே புரட்டிப் போடும் தேடல் பெரும்பாலும் தோற்பதற்குக் காரணம் இதுவே.

தொட்டியில் எங்கே ஓட்டை?

பாம்பு வாழும் அடைப்புகள் பொதுவாக மூன்று வகைப்படும்: மேலே வலைமூடி போட்ட கண்ணாடித் தொட்டி, முன்புறம் நகரும் கண்ணாடிக் கதவு கொண்ட மரப்பெட்டி, அடுக்குச் சட்டத்தில் செருகும் பிளாஸ்டிக் பெட்டி. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பலவீனம் உண்டு. கண்ணாடித் தொட்டியில் மூடியின் நான்கு மூலைகளும் கவனத்துக்குரியவை. இரண்டு பக்கங்களில் மட்டும் கிளிப் மாட்டினால் மூன்றாவது பக்கம் வளைந்து வழிவிடும். மரப்பெட்டியில் ஒரு கண்ணாடி மற்றொன்றின்மேல் படியும் நடுப்பகுதியில் சில மில்லிமீட்டர் இடைவெளி விழும். குட்டிப் பாம்பு அதற்குள் செங்குத்தாக ஏறி வெளியே வந்துவிடும். கதவின் இடையில் பொருத்தும் ஆப்புப் பூட்டு கதவு நகராமல் தடுக்குமே ஒழிய அந்த இடைவெளியை அடைக்காது என்பதால், குட்டி வளரும்வரை அந்த இடத்தில் ஒளிபுகும் பிளாஸ்டிக் பட்டையைப் பொருத்துவது நல்லது. பெட்டியின் பின்சுவரில் வெப்பப்பாய்க்கும் விளக்குக்கும் கம்பி செல்வதற்காகத் துளைத்த ஓட்டையே பலர் கண்ணில் படாமல் போவது. கம்பி போக எஞ்சிய இடத்தை அடைத்தே தீர வேண்டும். அடைக்கும் பசைநாடாவின் ஒட்டும் பக்கம் பெட்டிக்குள் தெரியக்கூடாது. அதில் ஒட்டிக்கொள்ளும் பாம்பின் செதில்கள் பிய்ந்துவிடும்.

பூட்டு எவ்வளவு வலிதாயினும் உள்ளே இருக்கும் வாழ்க்கை பொருந்தாவிட்டால் பாம்பு முயன்றுகொண்டேயிருக்கும். தொட்டியின் ஒரு முனை வெப்பமாகவும் மறுமுனை குளிர்ச்சியாகவும் இருந்தால்தான் சூழலின் வெப்பத்தைச் சார்ந்து வாழும் இவ்வுயிர் தன் உடல்நிலையைச் சீராக்கிக்கொள்ள முடியும். பால் பைத்தானுக்கு வெப்பமுனை ஏறத்தாழ 32 டிகிரி செல்சியஸும் குளிர்முனை 25 டிகிரியை ஒட்டியும் இருப்பது ஏற்றது. கார்ன் பாம்புக்கு இரண்டிலும் சில டிகிரிகள் குறைவாக இருக்கலாம். வெப்பத்தைத் தெர்மோஸ்டாட் என்னும் தானியங்கிக் கட்டுப்படுத்தி அளந்து நிறுத்த வேண்டும். இரு முனைகளிலும் உடலளவுக்குச் சற்றே பெரிய ஒரு மறைவிடமும், உடல் முழுவதும் அமிழும் அளவு நீர்ப் பாத்திரமும் இருக்க வேண்டும். புதிதாக வந்த பாம்பும், இனப்பெருக்கக் காலத்து ஆண் பாம்பும், இரை கேட்டுக் காத்திருக்கும் பாம்பும் வழக்கத்தைவிட மிகுதியாக அலையும். இரவுதோறும் முகத்தைக் கண்ணாடியில் தேய்த்துத் தேய்த்து மூக்குச் செதில் சிவந்திருக்கும் பாம்பு, தன் தொட்டியில் ஏதோ சரியில்லை என்பதை வளர்ப்பவருக்கு முன்கூட்டியே அறிவிக்கிறது.

இவை எல்லாம் சரியாக அமைந்தபின்னும் எஞ்சும் காரணம் மனித மறதியே. இரை கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தியவர் தொலைபேசி ஒலித்ததும் பூட்டாமல் எழுந்து போகிறார். நீர் மாற்றியவர் மூடியை வைக்கிறார், கிளிப்பை மாட்டுவதில்லை. சாவியைப் பூட்டிலிருந்து எடுத்த பிறகே அறையை விட்டு வெளியேறுவது என்ற ஒரே பழக்கம், விலையுயர்ந்த கருவிகளைவிட மிகுதியாகப் பாம்புகளைக் காக்கும். பாம்பு இருக்கும் அறையே இரண்டாம் அடைப்பாக அமைவது அதைவிட நல்லது: கதவின் அடியில் தூரிகைப் பட்டை, குழாய் நுழையும் துளைகளைச் சுற்றிப் பூச்சு, காற்றோட்டத் திறப்புகளில் நுண்வலை ஆகியவை இருந்தால் தொட்டியிலிருந்து தப்பியதும் ஓர் அறைக்குள்ளேயே இருக்கும்.

கவனக்குறைவின் விலை

இந்த ஏற்பாடுகள் மிகையானவை என்று கருதுவோருக்கு அண்மைக்கால நிகழ்வுகள் விடை சொல்கின்றன. 2013 ஆகஸ்டில் கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் உள்ள கேம்பல்டன் என்ற ஊரில், செல்லப்பிராணிக் கடையின் மேல்மாடிக் குடியிருப்பில் வைத்திருந்த ஆப்பிரிக்கப் பாறை மலைப்பாம்பு ஒன்று காற்றோட்டக் குழாய் வழியாக வெளியேறி, உட்கூரையிலிருந்து வேறோர் அறைக்குள் விழுந்ததில், அங்கே உறங்கிக்கொண்டிருந்த இரண்டு சிறுவர்கள் உயிரிழந்தார்கள். கார்ன் பாம்பையும் பால் பைத்தானையும் இந்தப் பேரினத்தோடு ஒப்பிட முடியாது; ஆனால் அந்த வீட்டில் விட்டுப்போன பாதுகாப்பு, எந்த வீட்டிலும் விட்டுப்போகக் கூடிய ஒரு திறப்பை மூடுவதுதான்.

2021 ஜூனில் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்து ராலே நகரில், நஞ்சை உமிழும் வரிக்குதிரை நாகம் ஒன்று ஒரு வீட்டின் திண்ணையில் காணப்பட்டு, இரண்டு நாள் தேடலுக்குப் பிறகு பிடிபட்டது. அது முந்தைய ஆண்டின் நவம்பரிலேயே வளர்ப்பவரின் வீட்டிலிருந்து தப்பிவிட்டது என்பதும், அதை அவர் அதிகாரிகளுக்கு அறிவிக்கவில்லை என்பதும் பின்னர் தெரியவந்தன. நஞ்சுள்ள பாம்பு தப்பினால் உடனே அறிவிக்க வேண்டும் என்று அம்மாநிலச் சட்டம் கட்டளையிடுகிறது. வெட்கத்தாலோ தண்டனைக்கு அஞ்சியோ மறைப்பவர், முன்னெச்சரிக்கையோடு நடக்கும் வாய்ப்பையே அக்கம்பக்கத்தாரிடமிருந்து பறித்துவிடுகிறார். நஞ்சுள்ள பாம்பை வீட்டார் தாமே தேடுவதும் தவறு. எல்லாரும் வெளியேறி, கதவை அடைத்து, பயிற்சி பெற்றவரை அழைப்பதே முறை.

முதல் சில மணி நேரம்

நஞ்சற்ற பாம்பு காணாமற்போனது தெரிந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை தேடுவதன்று, அடைப்பது. எல்லா அறைக் கதவுகளையும் சாத்தி, கதவடி இடைவெளிகளைத் துண்டுகளால் அடைத்து, கழிப்பறை மூடியை இறக்கி, தரைக் கழிவுத்துளைகளை மூடி, பூனையையும் நாயையும் வேறிடத்தில் விட வேண்டும். துணி துவைக்கும் இயந்திரம், துணி உலர்த்தும் இயந்திரம், சாய்வு நாற்காலி ஆகியவற்றை உள்ளே பார்க்காமல் இயக்கக்கூடாது. இவற்றின் உட்புறம் பாம்புக்குப் பிடித்த மறைவிடம்.

அடுத்துத் தொட்டியையே முழுமையாகச் சோதிக்க வேண்டும். தப்பியதாகக் கருதப்பட்ட பாம்பு, தரையில் பரப்பிய மரச்சீவலுக்கு அடியிலோ நீர்ப் பாத்திரத்தின் கீழ்க்குழிவிலோ செயற்கைப் பாறையின் உட்குடைவிலோ இருப்பது அரிதன்று. அங்கே இல்லை என்று உறுதியானபின், தொட்டி இருக்கும் அறையில் தொடங்கி ஒவ்வோர் அறையாகச் செல்ல வேண்டும். ஓர் அறையை முடித்ததும் அதை அடைத்துவிட்டே அடுத்ததற்குப் போக வேண்டும்.

தேடுபவர் பாம்பின் தேவைகளை வரிசையாக எண்ணிப் பார்த்தால் இடங்கள் தாமே புலப்படும். வெப்பத்துக்காகக் குளிர்பதனப் பெட்டியின் பின்புறத்து இயந்திரப் பகுதி, வெந்நீர்க் கொதிகலன் இருக்கும் அலமாரி, அறையைச் சூடேற்றும் ரேடியேட்டரின் பின்புறம், ஓயாமல் இயங்கும் மின்கருவிகளின் அடிப்புறம். இடுக்குக்காகப் புத்தகங்களுக்கும் அலமாரியின் பின்பலகைக்கும் நடுவே உள்ள வெளி, இழுப்பறையின் பின்பகுதி, சோபாவின் அடித்துணிக்கும் சுருள்கம்பிக்கும் இடைப்பட்ட இருள், காலணிகள், மடித்த போர்வைகள். நீருக்காகக் குளியலறையும் சமையல் தொட்டியின் அடியும். பால் பைத்தான் பெரும்பாலும் தரைமட்டத்திலேயே தங்கும். கார்ன் பாம்பைத் தேடுபவர் திரைச்சீலை மடிப்பையும் அலமாரி உச்சியையும் விடக்கூடாது. உரித்த சட்டையும், சுண்ணாம்புக் கட்டிபோல் வெண்பகுதி கலந்த எச்சமும் தேடலின் வட்டத்தைச் சுருக்கித் தரும்.

உடல்வெப்பத்தைக் காட்டும் கேமரா இதற்குப் பெரிதும் உதவும் என்ற நம்பிக்கை பலரிடம் உண்டு. ஆனால் பாம்பு தன் உடலுக்குள் வெப்பத்தைப் பெரிதாக உண்டாக்குவதில்லை என்பதால், ஓரிடத்தில் சிறிது நேரம் தங்கியதும் அதன் மேனி சுற்றுப்புறத்தின் வெப்பத்தையே அடைந்துவிடுகிறது; திரையில் அது சுவரோடு சுவராகக் கலந்துபோகும். குழாய் பழுதுபார்ப்போர் இடுக்குக்குள் செலுத்தும் ஒளியோடு கூடிய நுண்கேமரா இதைவிடப் பயன்படும்.

இரவும் மாவும்

பகலில் கிடைக்காத பாம்பு இரவில் தானே ஊரத் தொடங்கும். அந்த ஊர்தலை வீட்டார் உறங்கும்போதும் பதிவு செய்ய எளிய வழிகள் உண்டு. கதவோரங்களிலும் சுவரடியிலும் மெல்லிய கீற்றாக மைதா மாவைத் தூவி வைத்தால் மறுநாள் காலையில் தடம் தெரியும். கார்ன் பாம்பின் தடம் நெளிகோடாக இருக்கும். ஒவ்வொரு வளைவின் பின்விளிம்பிலும் மாவு சிறிது குவிந்திருக்கும். பாம்பு பின்னோக்கி உந்தித்தான் முன்னேறுகிறது என்பதால், குவியல் இருக்கும் பக்கத்துக்கு எதிர்த்திசையில் அது சென்றிருக்கிறது என்று கொள்ளலாம். பால் பைத்தான் பெரும்பாலும் வயிற்றுச் செதில்களால் நேராக நகர்வதால் அதன் தடம் அகன்ற ஒரு பட்டையாக விழும். சுவரை ஒட்டிச் சலசலக்கும் பிளாஸ்டிக் பைகளைப் பரப்பிவிட்டு, விளக்கணைத்து ஒருவர் அசையாமல் அமர்ந்திருப்பதும் பயன் தரும்; ஒலி கேட்ட இடத்தில் டார்ச் அடித்தால் போதும்.

தேடிச் செல்வதைவிட வரவழைப்பது பலமுறை எளிது. குளிர்காலத்தில் வீட்டை மிதமாகக் குளிரவிட்டு, ஓர் அறையின் சுவரோரத்தில் மட்டும் தெர்மோஸ்டாட்டோடு இணைத்த வெப்பப்பாயும், அதன்மேல் கவிழ்த்த பெட்டி ஒன்றும், அருகே நீரும் வைத்தால், வீட்டில் பாம்புக்கு ஏற்ற ஒரே இடமாக அது மாறிவிடும். எலிகள் படுத்திருந்த மரத்தூளின் வாடை இதற்குத் துணை செய்யும். பாம்பு தன் நாக்கால் திரட்டும் வாசனைத் துகள்களை மேலண்ணத்தில் உள்ள ஜேக்கப்சன் உறுப்பில் சேர்த்து இரையின் இருப்பிடத்தை அறிகிறது. எலி பிடிக்கும் பசைப்பலகையை மட்டும் பயன்படுத்தவே கூடாது. ஒட்டிய பாம்பு திமிறித் திமிறித் தோலைக் கிழித்துக்கொள்ளும். தவறி ஒட்டியிருந்தால் இழுக்காமல் சமையல் எண்ணெய் தடவிச் சிறிது சிறிதாகப் பசையைத் தளர்த்தி, கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

முதல் வாரத்தில் கிடைக்காவிட்டால் கைவிடுவோர் பலர். ஆனால் வளர்ந்த பால் பைத்தான் இரையின்றிப் பல மாதங்கள் உயிர்வாழக் கூடியது. நீரும் ஓரளவு வெப்பமும் கிடைத்தால் போதும். நியூயார்க்கின் பிராங்ஸ் விலங்கியல் பூங்காவிலிருந்து 2011 மார்ச்சில் ஓர் எகிப்திய நாகம் காணாமற்போனபோது நகரமே பரபரப்படைந்தது; ஆனால் பூங்காவினர் ஊர்வன இல்லத்தை மூடி, நடமாட்டத்தை நிறுத்தி, பாம்பு துணிந்து வெளிவரும்வரை காத்திருந்தார்கள். ஆறு நாள் கழித்து அது அதே கட்டடத்தின் இருண்ட மூலை ஒன்றில் சுருண்டிருந்தது. தப்பிய பாம்பு தொலைதூரம் போயிருக்கும் என்ற அச்சத்துக்கு இந்த நிகழ்வு நல்ல மறுப்பு.

வீட்டைத் தாண்டினால்

வீட்டுக்குள் இருக்கும்வரை இது ஒரு குடும்பத்தின் கவலை. வெளியே போய்விட்டால் நிலத்தின் கவலை. ஸ்பெயினுக்குச் சொந்தமான கிரான் கனேரியா தீவில் செல்லப்பிராணிகளாக வந்து வெளியேறிய கலிபோர்னியா அரசப் பாம்புகள் 1998 முதல் பெருகி, அத்தீவுக்கே உரிய பெரும்பல்லி இனத்தைப் பல பகுதிகளில் துடைத்தெடுத்துவிட்டன. அமெரிக்காவின் புளோரிடாவில், வளர்த்தவர்கள் விட்டவையும் தப்பியவையுமான பர்மிய மலைப்பாம்புகள் எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தில் நிலைகொண்டன. 1992இல் ஆண்ட்ரூ சூறாவளி ஒரு வளர்ப்பகத்தைச் சிதைத்ததும் அதற்குத் துணையாயிற்று. 2012இல் அவ்வினத்தின் இறக்குமதியை அமெரிக்க அரசு தடை செய்தபோது காலம் கடந்திருந்தது.

அந்தப் புளோரிடாவுக்குத்தான் 2017 ஜனவரியில் தமிழ்நாட்டு இருளர் பழங்குடிப் பாம்புபிடிப்போரான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் அந்த மலைப்பாம்புகளைப் பிடிக்க அழைக்கப்பட்டார்கள். கருவிகளை நம்பாமல் தடம், எச்சம், உரித்த சட்டை, வெயில் காயும் மேடு ஆகியவற்றை வாசித்து இரண்டு வாரங்களுக்குள் 13 மலைப்பாம்புகளை அவர்கள் பிடித்துக் கொடுத்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. பாம்பைத் தேடுவது என்பது பாம்பின் வாழ்க்கையை அறிவதே என்பதற்கு அவர்களது தொழிலறிவைவிடச் சிறந்த சான்று இல்லை.

சட்டங்களும் இந்தப் பொறுப்பை வளர்ப்பவர்மேல் வைக்கின்றன. பிரிட்டனின் 1981ஆம் ஆண்டு வனவிலங்கு, நாட்டுப்புறச் சட்டம், அந்நாட்டில் இயல்பாக வாழாத விலங்கை வெளியே விடுவதை மட்டுமன்றித் தப்பவிடுவதையும் குற்றமாக்கியிருக்கிறது. இந்தியாவில் நல்ல பாம்பு, சாரை, மலைப்பாம்பு போன்ற நாட்டுப் பாம்புகளைப் பிடித்து வளர்ப்பதை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அனுமதிப்பதில்லை. 2022ஆம் ஆண்டுத் திருத்தமும் 2024ஆம் ஆண்டு விதிகளும், உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை நெறிப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் பட்டியலில் உள்ள அயல்நாட்டு உயிர்களை வைத்திருப்போர் அவற்றைப் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன; பால் பைத்தான் அப்பட்டியலில் உள்ளது. சென்னை விமான நிலையத்தில் பாங்காக்கிலிருந்து வரும் பெட்டிகளில் கடத்தப்படும் பால் பைத்தான்கள் அடிக்கடி பிடிபடுகின்றன. பதிவில்லாமல் மறைத்து வளர்க்கப்படும் பாம்பு தப்பினால் அதை வளர்ப்பவர் யாரிடமும் உதவி கேட்க முடியாது என்பதே இந்தக் கடத்தலின் மறைமுகத் தீங்கு.

கிடைத்த பிறகு

கண்டெடுத்த பாம்பை முதலில் உடல் முழுவதும் பார்க்க வேண்டும்: வெப்பக்கருவிகளால் சுட்ட காயம், எலி கடித்த தழும்பு, செதிலிடையே சிக்கிய நூல், வாயைத் திறந்து மூச்சுவிடுதல் ஆகியவை இருந்தால் மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். நலமாக இருந்தால் ஆழமற்ற வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் விட்டு, சில நாள் தொந்தரவின்றி இருக்கவிட்டபின் இரை தரலாம். அதன் உடல் வடிவக்கோலத்தின் படத்தை எடுத்து வைப்பதும், தோலடியில் அடையாளச் சில்லு பொருத்துவதும் அடுத்த முறை அண்டை வீட்டார் கண்டெடுத்தாலும் உரிமையை நிறுவ உதவும்.

எந்த வழியாக வெளியேறியது என்பது தெரியாமல் பாம்பைப் பழைய தொட்டியில் விடக்கூடாது. ஒருமுறை வழி கண்ட பாம்பு அதே வழியை மீண்டும் நாடும். கண்டெடுத்த இடத்தையும் வளர்ப்பவர் கூர்ந்து கவனிக்க வேண்டும். அங்கே இருந்த வெப்பத்தை அளந்து தொட்டியின் வெப்பத்தோடு ஒப்பிட்டால், இடுக்கின் அகலத்தைத் தொட்டியின் மறைவிடத்தோடு ஒப்பிட்டால், எது குறைவாக இருந்தது என்பது பெரும்பாலும் விளங்கிவிடும். அந்தக் குறையைத் தீர்ப்பது புதிய பூட்டு வாங்குவதைவிட முதன்மையான கடமை. ஓர் உயிரைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கும் உரிமையை எடுத்துக்கொள்பவர், அந்தக் கண்ணாடிக்குள் அதற்கு வேண்டிய அனைத்தையும் தரும் பொறுப்பையும் சேர்த்தே ஏற்கிறார். அந்தப் பொறுப்பை நிறைவேற்ற இயலாதவர் பாம்பு வளர்க்காமலிருப்பதே நேர்மை.